வால் இல்லாத வினைச்சொற்கள்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஆங்கில இலக்கணம் கற்பிப்பது பற்றிப் பேசுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் சீன மொழி வினைச்சொற்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வேடசந்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் சீனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த மாணவி ஒருவர் மருத்துவம் படிக்கச் சீனா போனார். அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கு வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் மருத்துவமனையில் பயிற்சிக்கு நிற்கும்போது எதிரே இருக்கும் நோயாளி ஆங்கிலத்தில் வயிறு வலிக்கிறது என்று சொல்லமாட்டார் இல்லையா? அதனால் சீனமும் படித்தாக வேண்டும். விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய சீனப் பாடநூலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. ஓராண்டு தினம் அரை மணி நேரம் அதனோடு உட்கார்ந்தேன். இன்று ஒரு கடையில் விலை கேட்கும் அளவுக்குத்தான் எனக்குச் சீனம் தெரியும். எழுத்துகள் நூற்றைம்பது தேறினால் அதிகம். ஆனால் அந்த அரை மணி நேரங்கள், வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் இடத்தில் என்னை உட்கார வைத்தன.

முதலில் வினைச்சொல்லைப் பார்ப்போம். சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் சொல்ல முடியும். இதை வைத்துப் பெய்ஜிங்கில் போய்ப் பேசிவிடாதீர்கள். ‘வோ’ என்றால் நான். ‘தா’ என்றால் அவன், அவள், அது மூன்றும். எழுத்தில்தான் வேறுபாடு, காதுக்கு ஒன்றே. ‘லாய்’ என்றால் வா. நான் வருகிறேன் என்பதற்கும் ‘வோ லாய்’தான், அவள் வருகிறாள் என்பதற்கும் ‘தா லாய்’தான். அவர்கள் வருகிறார்கள் என்றாலும் வினை அதே ‘லாய்’. வினைச்சொல்லுக்கு வால் கிடையாது. இடம், பால், எண், காலம் எதுவும் அதில் ஒட்டாது.

தமிழில் ‘வந்தாள்’ என்ற ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். வந்தது பெண், ஒருத்தி, பேசுபவரோ கேட்பவரோ அல்ல, செயல் முடிந்துவிட்டது. இத்தனையும் அந்த நான்கு எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலம் நடுவில் நிற்கிறது. ‘கம்’, ‘கம்ஸ்’, ‘கேம்’ என்று இரண்டொரு வால், அவ்வளவுதான். ஆக, நம் மொழியிலிருந்து பார்த்தால் சீன வினை மிக எளிது. சீனத்திலிருந்து தமிழுக்கு வருபவருக்கு? சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963இல் தொடங்கியது. அதன் சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு தமிழில் செய்தி வாசித்ததைச் சிற்றலையில் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்ற வரிசையை அவர்கள் என்ன பாடுபட்டுக் கற்றிருப்பார்கள் என்பது சீனம் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் சீனம் கற்க ஏறத்தாழ 2200 வகுப்பு மணி நேரம் ஆகும். தமிழ் கற்க ஏறத்தாழ 1100 மணி நேரம். இதைப் படித்துவிட்டுச் சீனம் தமிழைவிட இரு மடங்கு கடினம் என்று சொல்லிவிடக் கூடாது. அது ஆங்கிலத்தில் நிற்பவர் அளந்த தூரம். ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி பக்கம், நத்தத்திலிருந்து பழனி தூரம். எங்கே நின்று அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் தூரத்தைச் சொல்வதில் பொருளில்லை.

என் புத்தகமும் அப்படித்தான் ஆங்கிலத்தில் நின்று அளந்தது. ‘மா’ என்ற சிறு சொல்லை வாக்கியத்தின் முடிவில் சேர்த்தால் கேள்வி ஆகும் என்பதைச் சொல்ல அதற்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது. ஆங்கிலக்காரருக்கு அது புதிது. அவர் கேள்வி கேட்க ‘டூ’, ‘டிட்’ என்று முன்னால் கொண்டுவந்து வைத்துப் பழகியவர். நமக்கு? ‘வந்தாள்’ என்பதோடு ஓர் ஆகாரம். ‘வந்தாளா?’ முடிந்தது. சீனர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் ‘நீ ச்சி ல மா?’ என்று கேட்பது பழைய வழக்கம். ‘நீ’ என்றால் நீயேதான். ‘ச்சி’ சாப்பிடு. ‘ல’ ஆயிற்று. ‘மா’ நம் ஆகாரம். சாப்பிட்டாச்சா? நம் ஊரிலும் தெருவில் எதிர்ப்படுபவரிடம் முதலில் கேட்பது இதைத்தானே.

அந்த ‘ல’ இருக்கிறதே, அதுதான் ஆங்கிலம் பேசுபவர்களைத் திணற வைப்பது. முதல் பாடத்தில் அதை இறந்தகாலக் குறி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பத்தாம் பாடத்தில் ‘நாளை’ என்று தொடங்கும் வாக்கியத்தில் அது வந்து நிற்கிறது. ‘வோ மிங்தியென் ச்சி ல ஃபான் ஜ்யூ ச்சூ.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால்: நான், நாளை, சாப்பிடு, ல, சோறு, உடனே, போ. நாளைக்கு எப்படி இறந்தகாலம்? புத்தகம் இரண்டு பக்கம் விளக்குகிறது. இந்தக் குறி காலத்தைக் காட்டுவதில்லை, செயல் முடிவதைக் காட்டுகிறது என்று படம் போடுகிறது. நான் பென்சிலால் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன்: ‘நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.’ சாப்பிட்டு என்பதில் இறந்தகாலத் தோற்றம் இருக்கிறது. ஆனால் சாப்பிடப்போவது நாளைக்குத்தான். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் இதில் குழம்புவதில்லை. மறுதலையாக, போன வருடம் நான் ஓய்வில்லாமல் இருந்தேன் என்று சொல்லும்போது, செயல் எதுவும் முடியவில்லை என்பதால், சீனத்தில் ‘ல’ வருவதில்லை. ‘போன வருடம்’ என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடுகிறது.

எதிர்மறையும் இப்படியே. சீனத்தில் ‘இல்லை’ சொல்ல இரண்டு சொற்கள் பெரும்பாலும் பயன்படும். ‘வோ பூ ச்சூ’ என்றால் நான் போகமாட்டேன், போவதில்லை. ‘வோ மெய் ச்சூ’ என்றால் நான் போகவில்லை. இந்த ‘மெய்’ என்பதன் முழு வடிவம் ‘மெய்யோ’. பணம் இல்லை என்று சொல்லவும் அதே சொல்தான். பாருங்கள், நாமும் ‘பணம் இல்லை’ என்பதன் இல்லையைக் கொண்டுபோய்த்தான் ‘போகவில்லை’ என்று ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் இந்த இணைப்பே கிடையாது.

இன்னும் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ‘கான்’ என்றால் பார். ‘ச்சி ச்சி கான்’ என்றால் சாப்பிட்டுப் பார். கண்ணால் பார்ப்பதல்ல, முயன்று பார்ப்பது. பார்த்தல் என்ற வினையை முயற்சிக்குத் துணைவினையாக வைக்கும் பழக்கம் அவர்களுக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. அதே போல ‘நான் வாங்கின புத்தகம்’ என்பதைச் சீனத்தில் ‘வோ மாய் த ஷூ’ என்பார்கள். நான், வாங்கு, ‘இன’, புத்தகம். வரிசை அப்படியே நம் பெயரெச்சத் தொடர். ஆங்கிலத்தில் புத்தகத்தை முன்னால் தூக்கி வைத்து, பிறகு ‘தட்’ போட்டு, பிறகு நான் வாங்கியதைச் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘நீ’, ‘கான்’ என்றெல்லாம் கேட்டதும் சிலருக்குக் கை பரபரக்கும். சீனமும் தமிழும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நாளைக் காலை வாட்ஸ்ஆப்பில் வந்துவிடும். தயவுசெய்து வேண்டாம். தமிழ் திராவிட மொழி, சீனம் சீன-திபெத்தியக் குடும்பம். ஒலி ஒன்றிப்போனது தற்செயல். நான் சொல்வது உறவைப் பற்றி அல்ல, அமைப்பைப் பற்றி.

எல்லாமே எளிதாக இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். ‘மாய்’ என்று குரலை இறக்கி ஏற்றிச் சொன்னால் வாங்கு. மேலிருந்து வெடுக்கென்று இறக்கினால் விற்பனை செய். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் இப்படி ஒரு மொழி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சொல்வரிசையும் எதிரி. தமிழில் வினை கடைசியில். சீனத்தில் ஆங்கிலம் போல நடுவில். ‘அவர் ஆசிரியர்’ என்று நாம் இரண்டு சொல்லில் முடித்துவிடுவோம். அங்கே ‘தா ஷி லாவ்ஷி’ என்று நடுவில் ‘ஷி’ வேண்டும். ‘லாவ்ஷி’ என்றால் ஆசிரியர். நான் பல வாரம் ‘தா லாவ்ஷி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நம் பிள்ளைகள் ‘ஹி டீச்சர்’ என்று எழுதும் அதே வாக்கியம். அவர்கள் படிக்காமல் வந்ததால் அப்படி எழுதுவதில்லை. நன்றாகக் கற்ற ஒரு மொழி, அதாவது தமிழ், அவர்கள் கையைப் பிடித்து எழுத வைக்கிறது.

ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் சீனத்திலிருந்து நேரே தமிழுக்கு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ‘பயணி’ என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன் இந்திய வெளியுறவுப் பணியில் இருந்தவர். சீன மொழிக்கு ஓர் அறிமுக நூலைத் தமிழில் எழுதினார். சீனர்களின் மிகப் பழைய கவிதைத் தொகை நூலிலிருந்து பாடல்களைத் தேர்ந்து, மூலத்திலிருந்தே தமிழாக்கி 2012இல் வெளியிட்டார். ஆங்கிலம் வழியாகக் கற்றாலும் விளக்கத்தைத் தமிழில் தேடலாம் என்ற துணிச்சல் எனக்கு வந்ததற்கு இப்படிப்பட்டவர்கள் காரணம். ஆறு நூற்றாண்டுக்கு முன்பும் இது நடந்திருக்கிறது. இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த கல்வெட்டு ஒன்று இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ வைத்தது, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் வெட்டியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் சீன வினையையும் தமிழ் வினைமுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கத்தான் வேண்டும்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

‘டிட் யூ வென்ட்?’ இந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். இறந்தகாலம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு விளக்குவது வீண். அவனுக்குக் காலம் தெரியும். ‘போனாயா’ என்று பிழையில்லாமல் பேசுகிறவன். சிக்கல் வேறு இடத்தில். தமிழில் கேள்வி கேட்கும்போது இறந்தகாலம் வினையிலேயே இருந்துவிடுகிறது. ‘போனாய்’, ‘போனாயா?’ இரண்டிலும் ‘போன’ இருக்கிறது. அதனால் அவன் ‘வென்ட்’டை விடாமல் பிடித்துக்கொள்கிறான். நாம் சொன்னோமே என்று ‘டிட்’டையும் முன்னால் வைக்கிறான். அவன் கணக்கில் எல்லாம் சரி.

இப்போது எதிர்மறையைப் பாருங்கள். ‘போனேன்’ என்பதன் எதிர்மறை ‘போகவில்லை’. இறந்தகாலம் எங்கே போயிற்று? காணோம். ‘போக’ என்று வெறும் எச்சம் நிற்கிறது, ‘இல்லை’ சுமையைத் தூக்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தின் ‘டிட் நாட் கோ’ இதே அமைப்புதான். ‘டிட் நாட்’ சுமையைத் தூக்கிக்கொள்ள, ‘கோ’ வெறுமனே நிற்கிறது. எனவே நான் ஏழாம் வகுப்பில் வரிசையை மாற்றினேன். கேள்வியைத் தள்ளி வைத்தேன். பத்து நாள் எதிர்மறை மட்டும். கரும்பலகையில் இடது பக்கம் போகவில்லை, வரவில்லை, எழுதவில்லை. வலது பக்கம் அவற்றின் ஆங்கிலம். ‘வில்லை’யின் கீழேயும் ‘டிட் நாட்’டின் கீழேயும் ஒரே நிறத்தில் கோடு. ‘போக’ வெறுமையாக இருக்கிறது, அதனால் ‘கோ’வும் வெறுமையாக இருக்கிறது என்று பிள்ளைகளே சொன்ன பிறகு, ‘டிட்’ முன்னால் நகர்ந்தால் கேள்வி என்று காட்டினேன். பிழை அற்றுப்போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது ‘டிட் யூ வென்ட்’ என்று எழுதிவிட்டு, ‘போகவில்லை’ என்று வாய்க்குள் முணுமுணுத்து, அடித்துத் திருத்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தன் பிழையைத் தானே பிடிக்க அவர்கள் கையில் ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவி தமிழ்.

இதைவிட அவசரமான ஒன்றுக்கு வருகிறேன். நம் வேடசந்தூர், திண்டுக்கல் சமவெளியில் நூற்பாலைகள் எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பமாக வந்து தங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் தோழி ஒருவர் சொன்னார்: மூன்றாம் வகுப்பில் ஓர் ஒடிசாச் சிறுமி, தண்ணீர் குடிக்கப் போன அக்கா திரும்பியதும், ‘அக்கா வந்தான்’ என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. பிறகு ஒரு வாரம் அவள் வாயே திறக்கவில்லை. அக்கா பெண் என்பது கூடத் தெரியவில்லையா என்று யாரோ கேட்டதாகவும் சொன்னார்.

ஒடியாவில் அவன் வந்தான் என்பதும் அவள் வந்தாள் என்பதும் ‘சே ஆசிலா’தான். ‘சே’ இருபாலுக்கும் பொது, ‘ஆசிலா’வும் பொது. சீனத்தின் ‘தா லாய்’ போலவே. அந்தச் சிறுமிக்கு அக்கா பெண் என்பது நன்றாகத் தெரியும். வினைச்சொல்லில் அதை மறுபடி சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியாது. அப்படி ஒரு தேவை உலகத்தில் இருக்கிறது என்றே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இந்தி பேசும் பிள்ளையின் சிக்கல் வேறு. இந்தியில் பெண்பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லும்போதுகூட ‘ஜாத்தீ ஹூன்’ என்று பெண்பால் காட்ட வேண்டும்; தமிழில் ‘போகிறேன்’ எல்லாருக்கும் பொது. இரண்டு பிள்ளைகளையும் ‘வடநாட்டுப் பிள்ளைகள்’ என்று ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே பாடம் நடத்தினால் ஒருவருக்காவது அது பயன்படாது. பீகார் என்றதும் வீட்டு மொழி இந்தி என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். போஜ்புரி, மைதிலி, மகஹி பேசும் வீடுகள் ஏராளம். ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்: உங்கள் வீட்டில் ‘அம்மா வந்தாள்’ என்பதை எப்படிச் சொல்வீர்கள், ‘அப்பா வந்தார்’ என்பதை எப்படிச் சொல்வீர்கள்? இரண்டையும் சொல்லச் சொல்லிக் காதைக் கொடுங்கள். மொழியின் பெயர் தெரியாவிட்டாலும், வால் மாறுகிறதா இல்லையா என்பது கேட்டுவிடும்.

பிறகு என்ன செய்வது? இங்கேதான் சீனம் எனக்கு உதவியது. வால் இல்லாத வினை எனக்கு எவ்வளவு சீக்கிரம் வாய்க்கு வந்தது என்று பார்த்தேன் அல்லவா? தமிழில் அப்படி வால் இல்லாத வினைகள் உண்டா என்று தேடினேன். நிறையவே இருக்கின்றன. ‘வேறு’, ‘இல்லை’, ‘உண்டு’ ஆகியவை ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்று நன்னூல் எழுதி வைத்திருப்பதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். தேர்வுக்குப் பிறகு மறந்திருக்கிறோம். நான் வரவில்லை, அவள் வரவில்லை, மாடு வரவில்லை. எனக்கு வேண்டும், அவனுக்கு வேண்டும். வேண்டாம். தெரியும், தெரியாது. முடியும், முடியாது. பிடிக்கும். போகலாம். வரட்டும். இவற்றில் எதிலும் ‘ஆன்’, ‘ஆள்’, ‘அது’ தொல்லை இல்லை. புதிதாக வந்த பிள்ளை முதல் மாதம் இவற்றை வைத்தே ஒரு நாள் முழுவதும் பேசி ஓட்டலாம். ‘எனக்குத் தண்ணி வேணும்’, ‘அக்கா வரல’, ‘எனக்குத் தெரியாது’, ‘வெளிய போகலாமா?’ ஒன்றுகூடத் தப்பாகாது. யாரும் சிரிக்க வழியில்லை.

என் தோழி அந்தச் சிறுமியோடு இதைத்தான் செய்தார். பாடநூலின் ‘வந்தான், வந்தாள், வந்தது’ பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மதிய உணவு வரிசையில் ‘வேணும், வேணாம், போதும்’ என்று தொடங்கினார். சாம்பார் வேணுமா, முட்டை வேணுமா, போதுமா. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை தானாகவே ‘முட்டை போதாது’ என்றதாம். போதாது என்ற சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, வரிசையில் யாரிடமோ கேட்டுப் பிடித்திருக்கிறாள். இரண்டு மாதம் கழித்துத்தான் ‘ஆன், ஆள்’ வந்தது. அதுவும் அட்டவணையாக அல்ல. குடும்பப் படம் ஒன்றை வைத்து ‘யார் வந்தா? அம்மா வந்தாள். யார் வந்தா? தம்பி வந்தான்’ என்று அவளையே கேட்க வைத்து. இன்னும் அவ்வப்போது தடுமாறுகிறாள். மற்ற பிள்ளைகள் சிரிப்பதில்லை. காரணம், நடுவில் ஒரு நாள் அவள் அவர்களுக்கு ‘சே ஆசிலா’ சொல்லிக் கொடுத்தாள். நம் பிள்ளைகள் அவனுக்கும் அவளுக்கும் வேறு வேறு சொல் கேட்டு அவளைத் துளைத்திருக்கிறார்கள். ‘ஒண்ணுதான், ஒண்ணுதான்’ என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாளாம்.

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் பிள்ளையை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து அமர்த்துகிறோம். இப்படி வரும் பிள்ளை தமிழில் அரும்பாக இருக்கலாம். ஆனால் எட்டு வயதுக்குரிய ஒரு முழு மொழி, அதன் இலக்கணத்தோடு, அவளிடம் இருக்கிறது. மதிப்பீட்டுத் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை என்பது என் வருத்தம். கட்டம் வரும்வரை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கில நோட்டிலிருந்து பத்துப் பிழையான வாக்கியங்களை எடுத்து வாருங்கள். பக்கத்தில், அந்தப் பிள்ளை மனத்தில் வைத்திருந்த தமிழ் வாக்கியம் என்னவாக இருந்திருக்கும் என்று எழுதுங்கள். ஒடியா, இந்தி, போஜ்புரி, தெலுங்கு, சௌராஷ்டிரம், உருது, எது வீட்டு மொழியாக இருந்தாலும் அதன் வாக்கியத்தைப் பிள்ளையிடமே கேட்டு வாங்கித் தமிழ் எழுத்தில் எழுதி வாருங்கள். பேகம்பூர்ப் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு உருது நிறையக் கிடைக்கும். எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்போம்.